‘முடி பொய் சொல்லாது’ என்று எழுதிய வியாசை பாபுவுக்கு

காசிமேடு மாமா:
போன வாரம் நம்ம குழுவின் வேலைவாய்ப்பு இழையில் வியாசை பாபு இப்படி எழுதியிருந்தார்: "மூத்திர டெஸ்டில் தப்பிக்கலாம், முடி டெஸ்டில் தப்பிக்க முடியாது. முடி பொய் சொல்லாது. பாசிட்டிவ் வந்தால் அவன் கஞ்சா அடித்தவன்தான்." அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அங்கேயே பதில் போட்டால் அடியில் போய்விடும் என்று தனியாகப் போடுகிறேன்.

என் அக்கா மகனுக்கு 22 வயசு. கப்பலில் கடைநிலை வேலைக்கான ஜி.பி. ரேட்டிங் பயிற்சியை ஆறு மாசம் முடித்தான். கப்பல் வேலைக்கு வேண்டிய சி.டி.சி. புத்தகத்தையும் கையில் வாங்கினான். அக்கா தன் வளையலை அடகு வைத்துத்தான் இதெல்லாம் நடந்தது. ஒரு ஏஜென்சி கூப்பிட்டது. மெடிக்கலில் முடி வேண்டும் என்றார்கள். கூட நான்தான் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் முடியை வகிடு எடுத்து, பென்சில் கனத்துக்கு ஒரு கொத்தைப் பிடித்து நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டினாள் ஒரு பெண். அன்று காலைதான் அக்கா அவனுக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கத்தரிக்கோல் வழுக்கியது. பஞ்சால் துடைத்துக்கொண்டே "எண்ணெய்த் தலையாச்சே" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

ரிசல்ட் பாசிட்டிவ். கப்பல் போய்விட்டது. வளையல் சேட்டுக் கடையில் இருக்கிறது.

அவர்கள் இருப்பது தண்டையார்பேட்டையில் வாரியக் குடியிருப்பு, மூணாவது மாடி. ரெண்டாவது மாடிப் படி திரும்புகிற இடத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாலைந்து பேர் உட்கார்ந்து இழுக்கிறார்கள். ஜன்னல் இல்லாத திருப்பம். அந்தப் புகைக்குள் நுழையாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அவன் தொட்டதில்லை. என் கைமேல் அடித்துச் சொல்வேன். இப்போது சொல்லுங்கள் பாபு, முடி பொய் சொல்லாதா?

வியாசை பாபு:
என் பெயரைத் தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள், சந்தோஷம். நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். படியேறினதுக்கே பாசிட்டிவ் வரும் என்றால் அந்த பிளாக்கில் பால் போடுகிறவர், கேஸ் சிலிண்டர் தூக்குகிறவர், போஸ்ட்மேன் எல்லாருக்கும் வரவேண்டும். எல்லா வீட்டிலும் மாமா ‘என் பையன் தொட்டதில்லை’ என்றுதான் சொல்வார். என் தெருவிலேயே மூணு மாமா சொல்லியிருக்கிறார்கள். மூணு பையன்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

லேப் சேகர்:
18 வருஷமாக லேபில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே ஆளாளுக்குப் பேசுவதற்கு முன் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தலைமுடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். தோலை ஒட்டி மூணு சென்டிமீட்டர் வெட்டினால் சுமார் மூணு மாசக் கதை அதில் இருக்கும். மூத்திரத்தில் எப்போதோ ஒருநாள் இழுத்தவனுக்குச் சில நாளில் மறைந்துவிடும். அதனால்தான் கம்பெனிகள் முடி கேட்கின்றன.

அடுத்தது. வந்த முடியை அப்படியே எந்திரத்தில் போடுவதில்லை. முதலில் கழுவுவோம். தண்ணீரில் இல்லை, டைகுளோரோமீத்தேன் மாதிரிக் கரைப்பானில். வெளியே ஒட்டின புகை, எண்ணெய் எல்லாம் அதில் கரைந்து போய்விடும். அப்புறம்தான் முடியைப் பொடித்து உள்ளே இருப்பதை எடுப்போம்.

மாமா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எண்ணெய்த் தலை என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒன்றும் இல்லை. எண்ணெய் கரைப்பானில் முதல் நிமிஷத்திலேயே போய்விடும். கழுவினால் போகும். அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆறு பேரைக் கஞ்சா பிடிக்கவிட்டு, பிடிக்காத ஆறு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கதவை அடைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான ஆய்வு. வழக்கமான 50 நானோகிராம் அளவுகோலில் சும்மா உட்கார்ந்தவர்களுக்குப் பாசிட்டிவ் வந்தது அபூர்வம், அதுவும் முதல் சில மணி நேரத்துக்குள். அடைத்த அறையிலேயே அப்படி. உங்கள் படிக்கட்டு எம்மாத்திரம்?

காசிமேடு மாமா:
சேகர் சார், நீங்கள் சொன்ன அமெரிக்கக் கணக்கு மூத்திரத்துக்கா, முடிக்கா? 50 நானோகிராம் என்பது மூத்திரத்தில் பார்ப்பது என்று எனக்கே தெரியும். மூத்திரத்துக்கு வரவேண்டும் என்றால் புகை நுரையீரலுக்குள் போக வேண்டும். முடிக்கு எதற்கு நுரையீரல்? முடி வெளியேதானே தொங்குகிறது?

கழுவினால் போகும் என்கிறீர்கள். எண்ணெய் தடவின தலையில் சாம்பிராணி போட்டுப் பாருங்கள். ரெண்டு நாள் சீயக்காய் தேய்த்தாலும் தலையணை மணக்கும். என் அம்மா பிள்ளை பெற்றவளுக்குப் புகை போடும்போது தலையை ஈரத்தோடுதான் விரித்துவிடச் சொல்வாள். ஈரத் தலை புகையைப் பிடிக்கும் என்று படிக்காதவளுக்குத் தெரிந்திருந்தது.

லேப் சேகர்:
சாம்பிராணியும் கஞ்சாவும் ஒன்றா? மணம் வேறு, மூலக்கூறு வேறு. தலையணை மணப்பதை வைத்து லேப் நடத்த முடியாது. மறுபடியும் சொல்கிறேன், கழுவினால் போகும். நான் என் கையால் ஆயிரக்கணக்கான மாதிரி கழுவியிருக்கிறேன். நீங்கள் எத்தனை கழுவியிருக்கிறீர்கள்?

ஒற்றியூர் தமிழ்:
நான் வேதியியல் முதுகலை. திருவொற்றியூர்க்காரன். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், அதனால் உள்ளே வருகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மாமா, ரிப்போர்ட்டில் எது பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறது? டி.எச்.சி.யா, கார்பாக்சி டி.எச்.சி.யா? ரெண்டும் வேறு. டி.எச்.சி. என்பது கஞ்சாவில் போதை தருகிற பொருள். அது செடியிலும் இருக்கிறது, புகையிலும் இருக்கிறது. அது முடியில் இருந்தால் அடித்தவனா, பக்கத்தில் நின்றவனா என்று பிரிக்கவே முடியாது. கார்பாக்சி என்பது டி.எச்.சி. உடம்புக்குள் போய்க் கல்லீரல் அதை மாற்றுவதால் உண்டாவது. புகையில் அது கிடையாது என்று சொல்லலாம். அதனால்தான் முடிப் பரிசோதனைக்கான சர்வதேசச் சங்கம், உட்கொண்டதை நிரூபிக்க வேண்டுமானால் கார்பாக்சியைப் பார் என்கிறது. அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிகிராம் முடியில் 0.2 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். சாதாரண எந்திரம் அதைப் பார்க்காது.

சேகர் சார் சொன்ன கழுவல் பற்றி. 2004-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் முடியைக் கஞ்சாப் புகையில் வைத்துச் சோதித்தார்கள். உலர்ந்த முடியைவிட ஈரமும் பிசுக்கும் உள்ள முடி கூடுதலாகப் புகையைப் பிடித்தது. மாமாவின் அம்மா சொன்னது சரி. டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எண்ணெய்த் தலை அதற்கு அழைப்பு.

லேப் சேகர்:
தம்பி, பிசுக்கு என்றால் தேங்காய் எண்ணெயா? அந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் தடவினார்களா? ஆமா இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

ஒற்றியூர் தமிழ்:
தலையில் இயல்பாகச் சுரக்கும் பிசுக்கைப் பற்றிய ஆய்வு அது. தேங்காய் எண்ணெயும் கொழுப்புதானே சார். நான் கேட்டது ரிப்போர்ட்டில் எந்தப் பொருள் என்று.

லேப் சேகர்:
அப்போ தேங்காய் எண்ணெய் இல்லை. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பிசுக்கு வேறு, தேங்காய் எண்ணெய் வேறு. கரைப்பானில் தேங்காய் எண்ணெய் நிற்காது. கழுவினால் போகும்.

வியாசை பாபு:
ரெண்டு படித்தவர்கள் தேங்காய் எண்ணெயில் வழுக்கி விழுகிறார்கள். பையன் அடித்தானா இல்லையா என்பதுதான் கேள்வி.

பாய்லர் அண்ணன்:
ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். 26 வருஷம் கப்பலில் இஞ்சின் ரூமில் இருந்துவிட்டு இறங்கினவன். பாபு தம்பி, அந்தப் பையன் என்ன ஜாமீன் கைதியா இப்படிப் பேசுகிறாய்?

எங்கள் காலத்தில் மூத்திரம்தான். பாட்டிலைக் கையில் கொடுத்து ஒருத்தன் பின்னால் நிற்பான். அதிலும் தப்பு நடந்திருக்கிறது, ஆனால் ரெண்டாவது பாட்டில் சீல் போட்டு வைத்திருப்பார்கள், சந்தேகம் வந்தால் அதைத் திறப்பார்கள். இந்த முடியில் ரெண்டாவது கொத்து எடுத்து வைத்தார்களா என்று மாமா கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார், நம்ம ஆட்கள் அங்கே போனால் வாய் திறக்க மாட்டோம்.

அப்புறம் ஒன்று. காசிக்குப் போனபோது பார்த்தேன், கஞ்சா இலையை அரைத்துச் செய்கிற பாங்குக்கு அரசாங்க அனுமதியோடு கடை. 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும் நுனி, காய்க்கும் நுனி. தனியாக எடுத்த இலை அந்த விளக்கத்தில் வராது. அங்கே ஹோலிக்கு ஒரு டம்ளர் பாங் குடித்துவிட்டு வந்தவனுக்கும் முடியில் அதே கார்பாக்சிதான் வரும், திருட்டுப் பொட்டலம் வாங்கி இழுத்தவனுக்கும் அதேதான் வரும். எந்திரத்துக்கு என்ன தெரியும்?

வியாசை பாபு:
பாய்லர் அண்ணே, காசி யாத்திரையெல்லாம் எதற்கு? ராயபுரம், காசிமேடு ஆட்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். கஞ்சா என்றாலே வியாசர்பாடி என்று பேப்பர் முதல் சினிமா வரைக்கும் எங்கள் பெயரைக் கெடுத்தீர்களே, அப்போது எங்கே போனது இந்த நியாயம்? எங்கள் பையன்கள் பஸ் ஏறினால் போலீஸ் பையைத் திறந்து பார்க்கும். கால்பந்து விளையாடப் போனாலும் ஷூவைக் கழற்றச் சொல்லும். அப்போது யாரும் ‘புகை பக்கத்தில் இருந்து வந்தது’ என்று வக்காலத்து வாங்கவில்லை. இப்போது உங்கள் வீட்டுப் பையனுக்கு என்றதும் ஜெர்மனி வரைக்கும் போகிறீர்கள்.

பாய்லர் அண்ணன்:
வியாசர்பாடியை நான் எப்போது கெடுத்தேன்? என் ரெண்டாவது மருமகளே வியாசர்பாடிதான். பேச்சை மாற்றாதே.

வியாசை பாபு:
2019-இல் தண்ணீர் லாரி இழையில் நீங்கள் எழுதினது இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘வியாசர்பாடிக்காரன் வரிசையில் நிற்க மாட்டான்’. தேடி எடுத்துப் போடட்டுமா?

பாய்லர் அண்ணன்:
போடு. அன்றைக்கு வரிசையில் குடத்தைத் தள்ளினது யார் என்பதையும் சேர்த்துப் போடு.

கொருக்குப்பேட்டை கீதா:
நீங்கள் எல்லாம் ஊர்ச்சண்டை போடுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவே மூணடி சந்து. அந்தச் சந்தில்தான் ராத்திரி வந்து நிற்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் புகை. என் பொண்ணுக்கு ஏழு வயசு. ஜன்னலோரம்தான் பாய் போட்டுத் தூங்குகிறாள். அவளுக்கும் தினம் எண்ணெய் வைத்துத்தான் பின்னுகிறேன். காலையில் பின்னலை அவிழ்க்கும்போது அந்த வாசனை என் விரலில் வருகிறது. அவள் முடியை இப்போது வெட்டிக் கொடுத்தால் பாசிட்டிவ் வருமா வராதா? சேகர் சார், சொல்லுங்கள். ஏழு வயசுப் பிள்ளை கஞ்சா அடித்தது என்று உங்கள் எந்திரம் எழுதுமா?

வியாசை பாபு:
அக்கா, போலீசுக்கு போன் பண்ணுங்கள்.

கொருக்குப்பேட்டை கீதா:
பண்ணினேன். மறுநாள் என் வாசலில் உடைந்த பாட்டில் கிடந்தது. போன் பண்ணச் சொல்கிறவர் வந்து அந்தச் சந்தில் ஒருநாள் குடியிருந்து பாருங்கள்.

லேப் சேகர்:
கீதா மேடம், குழந்தையை இதில் இழுக்காதீர்கள். குழந்தைக்கு யாரும் வேலைக்கு டெஸ்ட் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். கழுவின பிறகும் டி.எச்.சி. கொஞ்சம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். கார்பாக்சி தெரியாது, ஏனென்றால் அவள் உடம்புக்குள் போகவில்லை. நல்ல லேப் என்றால் கழுவின கரைப்பானையும் தனியாகச் சோதித்து, வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்.

என் வேலையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறார்கள் இங்கே. நான் இந்த வேலைக்கு வந்தபோது எங்கள் லேபில் ஏசிகூடக் கிடையாது. ஒரு மாதிரி மாறிப்போனால் ஒருத்தன் வாழ்க்கை போய்விடும் என்று பார்கோடை மூணு தடவை பார்க்கிறவன் நான். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுகிறவன். ‘லேப் பொய் சொல்கிறது’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது.

ஒற்றியூர் தமிழ்:
சார், உங்கள் உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ‘கழுவின பிறகும் டி.எச்.சி. தெரியலாம்’ என்று நீங்களே இப்போது எழுதிவிட்டீர்கள். முதலில் ‘கழுவினால் போகும்’ என்றீர்கள்.

கார்பாக்சி விஷயத்துக்கு வருகிறேன். 2015-இல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க்கில் ஒரு குழு செய்த ஆய்வு. டி.எச்.சி.யை மாத்திரையாக 30 நாள் விழுங்கச் செய்து, பிறகு முடியைச் சோதித்தார்கள். இரத்தம் வழியாக முடிக்குள் சொல்லும்படியான அளவில் டி.எச்.சி. போகவில்லை. யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் அடிக்கிறவன் முடியில் நாம் பார்க்கும் டி.எச்.சி.யே பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டினதுதான், அவன் விரலிலிருந்தும் புகையிலிருந்தும்.

அதைவிட முக்கியமானது அடுத்தது. அடிக்கிறவனுடைய வியர்வையிலும் தோல் பிசுக்கிலும் கார்பாக்சி இருக்கிறது. அவன் கை இன்னொருவர் தலையில் பட்டால் அங்கேயும் ஏறலாம் என்று அந்தக் குழு எழுதியிருக்கிறது. ஆய்வின் தலைப்பே முடியில் கன்னாபினாய்டு, அதாவது டி.எச்.சி., கார்பாக்சி வகைப் பொருள், இருப்பது கஞ்சா உட்கொண்டதற்கு நிரூபணம் ஆகாது என்பதுதான். தோளில் கை போட்டுத் தலையைக் கலைப்பது, ஒரே ஹெல்மெட், ஒரே சீப்பு, ஒரே தலையணை. நம்ம பையன்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

கீதா அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில்: டி.எச்.சி. வர வாய்ப்பு உண்டு. கஞ்சா பிடிக்கிறவர்கள் உள்ள வீட்டுக் குழந்தைகள் முடியில் வந்திருக்கிறது.

மாமா, மூணாவது தடவை கேட்கிறேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?

காசிமேடு மாமா:
தமிழ் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஹெல்மெட். அவன் கூட்டாளி வண்டியில்தான் ஹார்பர் வரைக்கும் போய்வருவான். அந்தக் கூட்டாளி அடிக்கிறவன். அவன் ஹெல்மெட்டைத்தான் இவன் போட்டுக்கொள்வான். சாயங்காலம் கேரம் கிளப்பிலும் பக்கத்தில்தான் உட்காருவான். ஸ்ட்ரைக்கர் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் இவன் மண்டையில் ஒரு தட்டு தட்டுவான். நானே பார்த்திருக்கிறேன்.

வியாசை பாபு:
ஆக முதலில் படிக்கட்டு. இப்போது ஹெல்மெட். நாளைக்குக் கேரம் பவுடர். மாமா, முதல் பதிவில் கூட்டாளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? அடிக்கிறவனோடு தினம் வண்டியில் போகிறான் என்பதை ஏன் மறைத்தீர்கள்?

காசிமேடு மாமா:
மறைக்கவில்லை. ஒண்ணாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். அவனை எப்படி விடுவான்? கூட இருந்தால் குற்றவாளியா?

லேப் சேகர்:
பாபு கேட்டது நியாயமான கேள்வி. அதை விடுங்கள். தமிழ் தம்பி, ஃப்ரைபர்க் ஆய்வில் தேங்காய் எண்ணெய்த் தலை உண்டா?

ஒற்றியூர் தமிழ்:
சார், தேங்காய் எண்ணெயை விடவே மாட்டீர்களா? அமெரிக்க அரசு நிறுவனமே 2020 செப்டம்பரில் முடிப் பரிசோதனைக்கு வரைவு விதி கொண்டுவந்தபோது, முடி பாசிட்டிவை மட்டும் வைத்து முடிவு கட்டாதே, இன்னொரு மாதிரியும் வேண்டும் என்றுதான் எழுதியது. பாஸ்டனில் முடி டெஸ்டால் வேலை போன காவலர்களில் ஆறு பேரை 2013-இல் அந்த மாநிலக் குடிமைப் பணி ஆணையம் திரும்ப எடுக்கச் சொன்னது, முடி மட்டும் போதாது என்றுதான்.

லேப் சேகர்:
பாஸ்டன் வழக்கு கொக்கைன். கொக்கைன் கறுப்பு முடியின் நிறமியோடு ஒட்டும். கார்பாக்சி அப்படி ஒட்டாது. ரெண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு வருவதன் விளைவு இது. எண்ணெய் பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வராது. ஏனென்றால் கழுவினால் போகும்.

காசிமேடு மாமா:
சேகர் சார், இதே வார்த்தையை நீங்கள் முன்பும் சொல்லியிருக்கிறீர்கள். ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பர். மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கறுப்பு எண்ணெய் படர்ந்தபோது இங்கே ஒரு இழை ஓடியது. என் மச்சான் வலையைக் காட்டிப் படம் போட்டேன். அப்போது நீங்கள் எழுதினீர்கள்: ‘சோப்புத் தூள் போட்டு ஊறவைத்துக் கழுவினால் போகும்.’

கழுவினோம். சோப்புத் தூள் போட்டோம், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம், வெந்நீரில் ஊறவைத்தோம். கையில் தோல் உரிந்தது. வலையின் முடிச்சுக்குள்ளே போன எண்ணெய் வரவில்லை. வெயிலில் போட்டால் முடிச்சிலிருந்து மறுபடி கசியும். நூலின் மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. மச்சான் கடைசியில் அந்த வலையை விட்டுவிட்டான். நீங்கள் ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லை. அப்போதும் ‘கழுவினால் போகும்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

லேப் சேகர்:
ஓ, இதுதான் விஷயமா? அந்தக் கோபத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் இந்த இழையா? வலை நைலான், முடி கெராட்டின் என்ற புரதம். கச்சா எண்ணெய் வேறு, தேங்காய் எண்ணெய் வேறு. சோப்புத் தூள் வேறு, டைகுளோரோமீத்தேன் வேறு. எனக்கு அன்றைக்கும் பதில் தெரியும், இன்றைக்கும் தெரியும். நான் அந்த இழையில் நாற்பது பதிவு போட்டேன். ஒருத்தராவது நன்றி சொன்னீர்களா? ‘லேப்காரன் கம்பெனி ஆள்’ என்று எழுதினது யார்? பாய்லர் அண்ணன்தான்.

பாய்லர் அண்ணன்:
எழுதினேன். இப்போதும் எழுதுவேன். உங்களுக்கு மீன் வாடை ஆகாது, மீன்காரன் பேச்சும் ஆகாது.

லேப் சேகர்:
என் வீட்டில் வாரத்தில் நாலு நாள் மீன். காசிமேட்டுக்கு விடியற்காலை வண்டியில் வந்து வாங்குகிறவன் நான். வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள்.

பாய்லர் அண்ணன்:
வஞ்சிரம் வாங்குகிறவருக்கு வலை துவைக்கிறவன் கஷ்டம் தெரியாது.

கொருக்குப்பேட்டை கீதா:
என் பொண்ணு முடியைப் பற்றிக் கேட்டேன். தமிழ் தம்பி ஒருத்தர் பதில் சொன்னார். மீதிப் பேருக்கு மீன் முக்கியம். நான் இன்றைக்கு அவளுக்கு முடியைக் கழுத்தளவு வெட்டிவிட்டேன். அழுதாள். புகை பிடிக்கிறவன் நிம்மதியாகச் சந்தில் நிற்கிறான், என் பிள்ளை முடி குப்பையில் போகிறது.

வியாசை பாபு:
அக்கா, பிள்ளை விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஆனால் மாமா பையன் விஷயம் வேறு. நான் சொன்னது சொன்னதுதான்.

ஒற்றியூர் தமிழ்:
மாமா, கடைசித் தடவை. ரிப்போர்ட்.

காசிமேடு மாமா:
அக்கா வீட்டுக்குப் போய் எடுத்துவந்தேன். ஒரே தாள். பெயர், வயசு, தேதி. ‘மாதிரி: முடி’. அடுத்த வரியில் ‘கன்னாபினாய்ட்ஸ்: பாசிட்டிவ்’. அவ்வளவுதான். டி.எச்.சி. என்றும் இல்லை, கார்பாக்சி என்றும் இல்லை. எண் எதுவும் இல்லை. கழுவினார்களா என்று ஒரு வரி இல்லை. கீழே கையெழுத்து, முத்திரை.

லேப் சேகர்:
எண் இல்லாமல் ரிப்போர்ட் வராது. பின்பக்கம் பாருங்கள்.

காசிமேடு மாமா:
பின்பக்கம் வெள்ளை.

லேப் சேகர்:
அப்போ அது சுருக்கப் படிவமாக இருக்கும். முழுப் படிவம் கம்பெனியில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு லேபைக் குறை சொல்ல முடியாது. நான் பேசுவது முறையைப் பற்றி. முறைப்படி கழுவினால் போகும்.

ஒற்றியூர் தமிழ்:
சார், எந்தப் பொருளைத் தேடினார்கள் என்றே தாளில் இல்லை. அது முதல் கட்ட ஸ்கிரீனிங் முடிவாகக்கூட இருக்கலாம். மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக் எந்திரத்தில் போட்டு உறுதி செய்தார்களா என்று கேளுங்கள் மாமா. மீதி முடியை வைத்திருக்கிறார்களா, கழுவின கரைப்பானைச் சோதித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முழுப் படிவத்தைத் தரச் சொல்லுங்கள். நான் கடிதம் எழுதித் தருகிறேன்.

வியாசை பாபு:
எழுதுங்கள். கார்பாக்சி என்று பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? மறுபடி ஹெல்மெட்டா?

பாய்லர் அண்ணன்:
வந்தால் வரட்டும். வராவிட்டால் நீ வந்து அந்தப் பையன் அம்மா முன்னால் நிற்பாயா?

வியாசை பாபு:
நான் எதற்கு நிற்க வேண்டும்? முடி டெஸ்ட் எடுத்தது நானா?

லேப் சேகர்:
தேங்காய் எண்ணெய்க்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

காசிமேடு மாமா:
சேகர் சார், மச்சானுடைய வலை இன்னும் வீட்டில் கொக்கியில் தொங்குகிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்கள் கரைப்பானைக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு முடிச்சு போதும், என் கண் முன்னால் கழுவிக் காட்டுங்கள்.

லேப் சேகர்:
கரைப்பானை லேபை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அது விதி. ஒரு முடிச்சை வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். கழுவித் தருகிறேன்.

காசிமேடு மாமா:
வலையை வெட்ட மாட்டேன். நீங்கள் வாருங்கள்.